உள்ளும் வெளியும் கலந்த வீடு: கண்ணாடிக்கு முன் நிழலைத் திட்டமிடுங்கள்

கேள்வியின் சுருக்கம் இது. திருச்சிக்கு அருகே கிழக்குப் பார்த்த மனை. தெருவை ஒட்டிய அகலம் 40 அடி, பின்னோக்கிய நீளம் 60 அடி. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள தாயார் ஆகியோர் குடியிருக்கப் போகிறார்கள். இப்போது தரைத்தளமும் சில ஆண்டுகள் கழித்து மேலே இரண்டு அறைகளும் கட்டும் எண்ணம். வீட்டின் உள்ளும் வெளியும் ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும் என்ற விருப்பத்தில், கூடத்தின் மேற்குச் சுவர் முழுவதையும் இழுவைக் கண்ணாடிக் கதவாக்கி, அதற்கு அப்பால் மரத்தளமும் செயற்கைப் புல்வெளியும் பெர்கோலாவும் (தூண்களின் மேல் இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடுக்கிய பந்தல்) அமைத்து, வீட்டு நடுவில் கண்ணாடிக் கூரையிட்ட முற்றம் ஒன்றையும் வைத்து வரைபடம் தயாராகியிருக்கிறது. இதில் எதை மாற்ற வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முற்றத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதன் கண்ணாடிக் கூரையை நீக்கிவிடுங்கள். மேற்கே வைத்த பெரிய திறப்பை வடக்குக்கு மாற்றுங்கள். அகலத்தையும் பாதியாகக் குறையுங்கள். அதனால் மிச்சமாகும் தொகையைச் சுவருக்கு வெளியே நீளும் கூரைக்கும் அதைத் தாங்கும் தூண்களுக்கும் செலவிடுங்கள். என் பதிலின் சாரம் இவ்வளவுதான் என்றாலும், ஒவ்வொன்றுக்கும் உள்ள காரணம் தெரிந்தால்தான் உங்கள் பொறியாளரிடம் பேசும்போது விட்டுக்கொடுக்க வேண்டியது எது, விட்டுக்கொடுக்கக் கூடாதது எது என்று உங்களால் முடிவெடுக்க முடியும்.

சுவர் முழுவதும் கண்ணாடி, அதற்கு வெளியே தளம், அதற்கப்பால் புல்வெளி என்ற காட்சி உலகெங்கும் பரவியதற்கு முக்கியக் காரணம், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெற்குக் கலிபோர்னியாவில் கட்டப்பட்ட வீடுகளும், அவற்றை எடுத்த நிழற்படங்களும் ஆகும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஏறத்தாழ 34 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அங்கே டிசம்பர் 21ஐ ஒட்டிய நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 33 பாகை உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. குளிர்காலத்தில் அந்தச் சாய்ந்த வெயில் வீட்டுக்குள் வருவதை மக்கள் விரும்புகிறார்கள். காற்றில் ஈரம் குறைவு, கோடையில் மழை கிடையாது. அந்த ஊருக்கு அந்த வடிவம் பொருத்தமானதே. திருச்சியோ ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கிறது. இங்கே வீட்டுக்குள் வெயிலை அழைக்க வேண்டிய மாதம் என்று ஒன்று கிடையாது. வெளியிலிருந்து நமக்கு வேண்டியவை காற்று, மென்மையான வெளிச்சம், மழையின் காட்சி, செடிகொடி ஆகியவை. வேண்டாதவை நேர்வெயில், சாரல், புழுதி, கொசு, திருடர். கண்ணாடியோ வேண்டிய காற்றைத் தடுத்துவிட்டு வேண்டாத வெயிலை உள்ளே விடுகிறது.

இதனால்தான் நம் வெப்பநிலத்தில் வளர்ந்த பழைய வீடுகள் எதிலும் உள்ளும் வெளியும் ஒரே கோட்டில் சந்திப்பதில்லை. புதுச்சேரியின் தமிழ்த் தெருக்களில் தெருவை நோக்கிச் சாய்ந்த ஓட்டுத் தாழ்வாரம், அதன் பின்னே திண்ணை, அதற்குப் பின்னே நடை, பிறகுதான் முற்றம். செட்டிநாட்டில் முகப்பைக் கடந்து வளவுக்குள் (வீட்டின் உட்பகுதிக்குள்) நுழைந்தால் நடுவே வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதன் ஓரங்களில் அறைகள், பின்னே அடுத்த கட்டு. நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் இதே முறையைச் சார்ந்தது. இவை எல்லாவற்றிலும் திறந்த வெளிக்கும் மூடிய அறைக்கும் இடையே, கூரை உண்டு, சுவர் இல்லை என்ற நிலையில் ஓர் இடம் வருகிறது. குடும்பத்தின் பகல் பொழுது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கழிந்தது. நீங்கள் வடிவமைக்க வேண்டியதும் அதைத்தான். அது சரியாக அமைந்துவிட்டால் கண்ணாடி வைப்பதும் வைக்காததும் இரண்டாம்பட்சம்.

இதில் கண்ணின் பங்கும் இருக்கிறது. நேர்வெயிலில் வெளிச்சத்தின் அளவு ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும். வீட்டுக்குள் நமக்குப் பழக்கமான வெளிச்சம் நூறு முதல் முந்நூறு லக்ஸ் வரைதான். இரண்டையும் ஒரு கண்ணாடி மட்டுமே பிரித்தால், வெளியே பார்த்த கண்ணுக்கு உள்ளே எல்லாம் இருட்டாகத் தெரியும், கூசும், உடனே கை திரைச்சீலையைத் தேடும். புதிய வீடுகளில் பெருஞ்செலவில் வைத்த கண்ணாடிச் சுவர் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணி வரை கனத்த திரையால் மூடியே கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆறு அடி ஆழமுள்ள தாழ்வாரம் ஒன்று நடுவில் வந்துவிட்டால் வெளிச்சம் படிப்படியாகத் தணிந்து உள்ளே வருகிறது, திரையே தேவைப்படாது.

இனி வெயிலின் கணக்கைப் பார்க்கலாம். திருச்சியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இரண்டு முறை: ஏப்ரல் 18ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 25ஐ ஒட்டியும். இந்த இரண்டு நாட்களுக்கு இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. தெற்கில் அதிகபட்சச் சாய்வு டிசம்பர் 21ஐ ஒட்டி, அப்போது நண்பகல் உயரம் ஏறத்தாழ 56 பாகை. அந்த வெயில் 7 அடி உயரத் திறப்பில் விழாமல் தடுக்க 5 அடிக்குச் சற்றுக் குறைவான கூரை நீட்சி போதும். வடக்கில் அதிகபட்சச் சாய்வு ஜூன் 21ஐ ஒட்டி, நண்பகல் உயரம் 77 பாகைக்கும் சற்று மேல். அதே திறப்புக்கு ஒன்றரை அடிச் சன்ஷேடே போதுமானது. அதாவது ஒரு வீட்டின் நான்கு முகங்களில் குறைந்த செலவில் திறந்து வைக்கக் கூடியது வடக்கு, அடுத்தது தெற்கு.

மேற்கின் கதை வேறு. மாலை நாலு மணியளவில் சூரியன் ஏறத்தாழ 30 பாகை உயரத்தில், நேராக உங்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த வெயிலை 7 அடித் திறப்பிலிருந்து தடுக்க வேண்டுமானால் கூரை 12 அடி நீள வேண்டும். ஐந்து மணிக்கு அதுவும் போதாது. கோடையில் பகல் முழுவதும் சூடேறிய காற்றும் தரையும் அந்த வேளையில் சேர்ந்துகொள்ளும். குடும்பம் கூடத்தில் கூடும் நேரமும் அதுதான். கருப்புக் கண்ணாடி, பிரதிபலிக்கும் படலம் போன்றவை வெப்பத்தின் ஒரு பகுதியைக் குறைக்குமே தவிர, நீங்கள் எந்தக் காட்சிக்காகக் கண்ணாடி வைத்தீர்களோ அந்தக் காட்சியையும் மங்கலாக்கிவிடும். ஆகவே மேற்கில் குளியலறை, மாடிப்படி, பண்ட அறை போன்றவற்றை வரிசையாக வைத்து அவற்றையே வெப்பத் தடுப்பாக ஆக்குவது நல்லது.

ஆனால் மேற்கை முற்றிலும் அடைத்துவிடவும் கூடாது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காவிரிக் கரை நெடுகத் திருச்சி வரை வீசுகிறது. அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வது இந்தக் காற்றைத்தான். அது புழுதியோடு வருவது உண்மை. ஆனாலும் வீட்டின் வெப்பத்தை வெளியேற்ற அதைவிடச் சிறந்த கருவி இல்லை. மேற்குப் பக்கப் பொதுவழியின் சுவரில் நான்கைந்து அடி அகலத்துக்குச் செங்கல் ஜாலி (இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் தடுப்பு) வைத்து, உள்பக்கம் மூடித் திறக்கும் மரப்பலகைக் கதவு பொருத்துங்கள். செங்கல்லின் தடிமன் சாய்ந்த வெயிலின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். இடைவெளிகள் வழியாகக் காற்று மட்டும் வரும். ஜாலிக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி ஒரு புங்க மரம் நட்டால் ஐந்தாறு ஆண்டுகளில் அந்தச் சுவர் முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும். புங்கம் மாசி, பங்குனியில் இலை உதிர்த்தாலும் சித்திரை வெயில் முற்றுவதற்குள் மீண்டும் தளிர்த்து அடர்ந்துவிடும் என்பதால் அதைப் பரிந்துரைக்கிறேன்.

வடக்குக்கு வருவோம். சட்டப்படி விட வேண்டிய பக்க இடைவெளிகளை, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பார்த்து உங்கள் பொறியாளர் குறித்துக் கொடுப்பார். பொதுவாக மக்கள் இரு பக்கமும் சமமாக இடம் விட்டு, இரண்டையுமே தண்ணீர்த் தொட்டிக்கும் செருப்புக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் தெற்கில் விதி கேட்கும் குறைந்த அளவை மட்டும் விட்டு, மிச்சத்தை எல்லாம் வடக்கில் சேர்த்தால் எட்டு ஒன்பது அடி அகலமுள்ள ஒரு நீண்ட தோட்டம் கிடைக்கும். கார்த்திகை முதல் தை வரை வீட்டின் நிழலே அதன் பெரும்பகுதியில் விழுவதால் அது உட்காரத் தகுந்த இடமாகவும் இருக்கும். கூடமும் உணவறையும் இந்தப் பக்கம் திறக்கட்டும். பக்கத்து மனை இன்று காலியாக இருக்கலாம். நாளை அங்கே மூன்று மாடி எழும்பி, அவர்களுடைய குளியலறைச் சன்னல் உங்கள் தோட்டத்தைப் பார்க்கும். ஆகவே கண்பார்வை மதிலோடு நிற்குமாறு இப்போதே அமைத்துவிடுங்கள்: மதிலின் மேல் இரங்கூன் மல்லியோ முல்லையோ படரட்டும், தாழ்வாரத்தின் இறவாரம் (கூரையின் கீழ் விளிம்பு) தாழ்ந்து இருக்கட்டும்.

இறவாரம் தாழ்ந்திருக்க வேண்டியதற்கு மழையும் ஒரு காரணம். வெயிலுக்கு வடக்கில் ஒன்றரை அடி போதும் என்று மேலே சொன்னேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு வரும் மழை வடகிழக்கிலிருந்துதான் அடிக்கிறது. சாய்ந்து விழும் மழைக்கு ஒன்றரை அடிச் சன்ஷேடு ஒரு பொருட்டே அல்ல. கூரை ஓட்டுச் சாய்ப்பு என்றால் சாய்வு 25 பாகைக்குக் குறையக் கூடாது. சுவரில் 10 அடி உயரத்தில் தொடங்கி 6 அடி நீண்டால், இறவாரம் தரையிலிருந்து ஏழேகால் அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் முடியும். மழை 45 பாகையில் சாய்ந்து அடித்தாலும் சுவரின் அடிப்பகுதி ஓரடிக்கும் சற்று மேல்தான் நனையும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே மழையைப் பார்க்கலாம். இன்றைய வரைபடங்களில் இதே இடத்தில் 11 அடி உயரத்தில் தட்டையான கான்கிரீட் பலகையைப் போடுகிறார்கள். முகப்பு கம்பீரமாகத் தெரியும், ஆனால் அதே மழையில் சுவரின் கீழ்ப்பாதி ஐந்தடி நனைந்து, கதவின் அடிக்கட்டை ஊறிப்போகும். உயரமான கூரை அறைக்குள் நல்லது. தாழ்வாரத்தில் தாழ்ந்ததே நல்லது.

கூரையில் இருந்து நீர் விழும் கோட்டைப் பற்றி யாரும் வரைபடத்தில் குறிப்பதில்லை. ஆனால் தாழ்வாரம் பத்து ஆண்டுகள் அழகாக இருக்குமா, ஒரே மழைக்காலத்தில் செம்மண் கறை படியுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கோடுதான். இறவாரத்துக்கு நேர்கீழே ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, கூழாங்கல்லோ உடைத்த ஜல்லியோ நிரப்புங்கள். துளி மண்ணில் விழுந்து தெறிப்பது நின்றுவிடும். தாழ்வாரத்தின் விளிம்புக்கு ஓர் அடி அகலக் கருங்கல் பலகை வையுங்கள். செட்டிநாட்டு முற்றங்களின் விளிம்பிலும் கருங்கல்தான் இருக்கும், நீர் இடைவிடாமல் விழும் இடத்தில் சிமெண்டுப் பூச்சு நிலைக்காது. கான்கிரீட் சன்ஷேடு போடும் இடங்களில் அதன் அடிப்பக்கத்தில், வெளி விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, அரை அங்குல அகலத்தில் நீளவாக்கில் ஒரு காடி (மெல்லிய பள்ளம்) விடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் நீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து சுவரில் இறங்கும். பலகை அடைக்கும்போதே ஒரு சட்டத்தை வைத்து வார்த்துவிட்டால் செலவே கிடையாது. பிறகு வெட்டுவது தலைவலி.

முற்றத்துக்குக் கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ கூரையாக வேண்டாம் என்றேன். திறந்த முற்றம் இரவில் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வெளியிட்டுக் குளிர்கிறது. பகலில் அறைகளின் சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போக, தாழ்ந்த பக்கங்களிலிருந்து புதுக்காற்று வந்து சேருகிறது. மூடிய கணத்தில் இந்த இரண்டு வேலைகளும் நின்றுபோய், வெயில் உள்ளே வரும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. கோடையில் அத்தகைய முற்றத்தின் அடியில் நிற்கவே முடியாது. முற்றத்தைச் சுற்றிய அறைகள் எல்லாவற்றுக்கும் அதுவே அடுப்பாகிவிடும். மழைக்கு மூடித்தான் ஆக வேண்டும் என்று வீட்டில் ஒருமித்த கருத்து இருந்தால், தகட்டை முற்றத்தின் சுவர்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்தி, நான்கு பக்கமும் காற்று போக விட்டு, முற்றத்தைவிட அகலமாகப் போடுங்கள். காற்றாவது வெளியேறும், வெயில் அப்படியே வரும்.

முற்றத்தின் அளவு பற்றிக் கவனமாக முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் பிறகு மேல்தளம் கட்டப் போகிறீர்கள். 10 அடிக்கு 10 அடி முற்றத்தைச் சுற்றிச் சுவர் 10 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், டிசம்பர் நண்பகலில் தெற்குச் சுவரின் நிழல் ஏறத்தாழ 6.8 அடி விழும். வடக்கோரத்தில் மூன்றடி அகலப் பட்டையில் வெயில் படும். துளசிமாடத்தை அங்கே வைக்கலாம். அதே முற்றத்தைச் சுற்றி இரண்டு தளம் எழும்பிச் சுவர் 21 அடி ஆகிவிட்டால், நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை தரையில் நேர்வெயில் படவே படாது. வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் அதே மாதங்களில்தான் வருகிறது. ஈரம், வெயிலின்மை இரண்டும் சேர்ந்தால் பாசி. பாசியில் முழங்கால் வலியுள்ள தாயாரின் கால். ஆகவே மேல்தள அறைகளை முற்றத்தின் வடக்கிலும் மேற்கிலும் மட்டும் எழுப்பி, தெற்குப் பக்கத்தை எப்போதும் ஒரே தளமாக விட்டுவிடுவதென்று இப்போதே முடிவு செய்து, தூண்களுக்கான கம்பிகளை அதற்கேற்ப விடச் சொல்லுங்கள். வாஸ்து பார்ப்பவர்கள் வீட்டின் நடுப்பகுதி திறந்திருக்க வேண்டும் என்பார்கள். உங்கள் வீட்டில் யாராவது அதை வற்புறுத்தினால் இந்த ஒரு விஷயத்தில் அவர்களும் நானும் ஒரே கட்சி.

முற்றத்தில் விழும் தண்ணீரின் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 10 அடி முற்றத்தை நோக்கி நான்கு பக்கமும் 5 அடித் தாழ்வாரக் கூரை சாய்ந்திருந்தால், நீரை ஏந்தும் பரப்பு 20 அடிக்கு 20 அடி, அதாவது ஏறத்தாழ 37 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,850 லிட்டர் நீர் முற்றத்துக்குள் இறங்கும். நான்கு அங்குலக் குழாய் ஒன்றே இதைச் சமாளிக்கும். ஆனால் ஒற்றை இலை அதன் வாயில் ஒட்டிக்கொண்டால் அரைமணி நேரத்தில் கூடம் நனையும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு வடிகால் வாய்கள் வைத்து, இரண்டுக்கும் கழற்றிக் கழுவக்கூடிய சல்லடை போடுங்கள். முற்றத்தின் தரை தாழ்வாரத்தைவிட நான்கு அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். எட்டு அடிக்கு ஓர் அங்குலம் என்ற வாட்டம் போதும். வடிகாலைத் தெருச் சாக்கடையில் சேர்க்காமல் கிணற்றுக்கோ உறைகிணறு போன்ற நீரூட்டுக் குழிக்கோ கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அந்தக் குழியை எப்படியும் தோண்டத்தான் போகிறீர்கள். முற்றத்தின் அடிமட்டம் தெருமட்டத்தைவிட இரண்டு அடியாவது உயர்ந்திருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். நம் ஊரில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது.

நவீனக் கட்டடக்கலையில் முற்றமும் தாழ்வாரமும் கொண்ட இந்த முறையை மீட்டெடுத்தவர்களில் இலங்கையின் ஜெஃப்ரி பாவா (1919–2003) முதன்மையானவர். கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் பாத்திக் துணிக்கலைஞர் எனா டி சில்வாவுக்காக அவர் கட்டிய வீட்டில் தெருப்பக்கம் மதில், நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் அகன்ற தாழ்வாரங்கள்; நகரத்து மனைக்குள்ளேயே வெளி முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்ட அமைப்பு அது. பிற்காலத்தில் அந்த வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பெந்தோட்டைக்கு அருகே அவருடைய லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். மதுரை கிளப் கட்டடமும் 1970களில் அவர் வடிவமைத்ததுதான். உங்களுக்கு நேரடியாகப் பயன்படக் கூடியது அவர் கையாண்ட கூரைமுறை: நெளிவுள்ள சிமெண்டுத் தகட்டை முதலில் போட்டு, அந்த நெளிவுகளின் மேல் அரைவட்ட நாட்டு ஓட்டைப் பதிப்பது. பூனையோ குரங்கோ ஓட்டை நகர்த்தினாலும் தகடு இருப்பதால் ஒழுகாது. ஓடு மேலே இருப்பதால் தகடு சூடேறாது. அன்றைய தகடுகளில் கல்நார் இருந்தது; இப்போது கல்நார் கலக்காத தகடும் கிடைக்கிறது, அதையே கேட்டு வாங்குங்கள்.

உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே வரும் இந்த இடங்களை உடம்பால் உணர்ந்து பார்க்க விரும்பினால், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்னும் மரபு வீடுகளின் அருங்காட்சியகத்துக்கு ஒரு மே மாத நண்பகலில் குடும்பத்தோடு போய்வாருங்கள். செட்டிநாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து எழுப்பிய வீடு அங்கே இருக்கிறது. அதன் தாழ்வாரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து, கையில் அளவு நாடாவோடு தூணுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட தூரம், இறவாரத்தின் உயரம், திண்ணையின் உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் 4 அடியும் 6 அடியும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான்கு அடியில் நாற்காலி போட்டால் நடக்க வழியில்லை; ஆறு அடியில் ஊஞ்சலே போடலாம்.

மரத்தளம், செயற்கைப் புல், பெர்கோலா ஆகிய மூன்றும் உங்கள் வரைபடத்தில் இருக்கின்றன. மரத்தூளும் நெகிழியும் கலந்து செய்த பலகைத் தளம் வெயிலில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். செயற்கைப் புல் அதைவிட மோசம். பெர்கோலாவின் கிடைச்சட்டங்கள் சாய்ந்த வெயிலை ஓரளவு தடுக்கும். ஆனால் வெயில் கடுமையாக இருக்கும் சித்திரையில் நம் ஊரில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால் சட்டங்களுக்கு நடுவே முழு வெயிலும் தடையின்றி இறங்கும். மழைக்கும் அது உதவாது. கொடி படர விடுவதாக இருந்தால் மட்டுமே அதற்கு அர்த்தம் உண்டு.

தரைக்குக் கூரையின் கீழ் ஆத்தங்குடிக் கல்லோ ரெட் ஆக்சைடு தளமோ போடலாம். இரண்டும் வெறுங்காலுக்குக் குளுமையானவை, துடைக்கத் துடைக்க மெருகேறுபவை. ஆனால் நேரடியாக மழை விழும் இடத்தில் அவை வழுக்கும். முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் சொரசொரப்பாக விட்ட கருங்கல் பலகை அல்லது மெருகேற்றாத கடப்பாக் கல் சரியானது. சுட்ட மண் ஓடு படங்களில் அழகாக இருக்கும். நிழலான ஈர இடத்தில் முதலில் பாசி பிடிப்பதும் அதுதான்.

கதவைப் பொறுத்தவரை, வடக்குத் திறப்பில் எட்டு அடி அகலத்துக்கு நான்கு மடிப்பாகத் திறக்கும் மரக்கதவோ அலுமினியச் சட்டக் கண்ணாடிக் கதவோ வைத்தால், திறந்த நேரத்தில் திறப்பு முழுவதும் திறந்திருக்கும். இழுவைக் கதவில் பாதி எப்போதும் மூடியே இருக்கும், தண்டவாளத்தில் மண் சேரும். தாயாருக்காக வாசற்படி எழும்பாமல் தரைமட்டமாக வேண்டுமென்றால், கதவுக்கு வெளியே நீளமாக ஒரு கம்பிமூடியிட்ட வடிகாலை அமைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் நான்கு அங்குல இறக்கத்துக்குப் படியோடு நான்கு அடி நீளச் சரிவும், கைப்பிடியும் ஓர் ஓரத்தில் இருக்கட்டும்.

பாதுகாப்பையும் கொசுவையும் பற்றி இங்கே முடிவெடுக்காமல் விட்டால், குடிபுகுந்த ஆறு மாதத்தில் தாழ்வாரம் முழுவதையும் கிரிலாலும் வலையாலும் அடைத்துக் கூண்டாக்கிவிடுவீர்கள். முற்றத்தின் மேல் எஃகுக் கிரில் தவிர்க்க முடியாதது. சதுரக் கட்டமாகப் போடாமல் ஒரே திசையில் ஓடும் கம்பிகளாகப் போட்டால் வானம் தெரியும். இரவுப் பூட்டு எந்தக் கோட்டில் விழ வேண்டும் என்று தீர்மானித்து, அந்த ஒரு கோட்டில் மட்டும் உறுதியான கதவுகளை வையுங்கள். கொசுவலையைப் படுக்கையறைகளுக்கும் சமையலறைக்கும் வைத்து, கூடத்தையும் தாழ்வாரத்தையும் வலையின்றி விட்டு, அங்கே மின்விசிறி போடுவதே என் பரிந்துரை. வேகமாகச் சுழலும் விசிறியின் கீழ்க் கொசுவால் நிலைத்துப் பறக்க முடியாது, வலையோ காற்றின் கணிசமான பகுதியைக் குறைத்துவிடும். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். ஆகவே தொட்டிச் செடிகளுக்கு அடித்தட்டு வேண்டாம்; தாமரைத் தொட்டி வைத்தால் அதில் கப்பி மீன் விடுங்கள். குளிர்சாதனம் வேண்டுமென்றால் அது நன்றாக மூடக்கூடிய படுக்கையறைகளோடு நிற்கட்டும். கூடத்துக்கும் அதைப் போட விரும்பினால், கூடத்தை முற்றத்தோடு திறந்து வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டாக வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

கடைசியாக, வெளியிடத்துக்கு வேலை கொடுங்கள். நாற்காலியும் காட்சியும் மட்டும் உள்ள இடத்துக்கு முதல் மாதம் தாண்டி யாரும் போவதில்லை. பழைய வீடுகளில் கொல்லைப்புறம் உயிரோடு இருந்ததற்குக் காரணம், அங்கே அரைத்தார்கள், துவைத்தார்கள், மீன் கழுவினார்கள், வடகம் காயவைத்தார்கள். சமையலறையை வடமேற்கில் வைத்து, அதன் பின்வாசலை மேற்குத் தாழ்வாரத்தில் திறந்து, அங்கே இடுப்புயர மேடை, தண்ணீர்க் குழாய், பாத்திரம் கழுவும் தொட்டி, கிரைண்டருக்கு மின்பொருத்தி, துணிக்கொடி எல்லாவற்றையும் கூரைக்கு அடியில் அமையுங்கள். காலையில் அந்தப் பக்கம் முழுக்க வீட்டின் நிழலில் இருக்கும்; சமையல் வேலையில் பாதி அங்கேயே நடக்கும். முன்புறத்துக் கிழக்குத் திண்ணை ஒன்றேகால் அடி உயரமும் மூன்றடி ஆழமும் இருந்தால் தாயார் காலை ஒன்பது மணி வரை அங்கே அமர்ந்து காய் நறுக்கலாம், செய்தித்தாள் படிக்கலாம். பிள்ளைகளின் பள்ளி வண்டியும் அங்கிருந்தே தெரியும். வடக்குத் தாழ்வாரத்தில் படிக்கும் மேசைக்கு அருகே விளக்கும் மின்பொருத்தியும் வேண்டும். இவற்றுக்கான மின்குழாய்களைத் தளம் வார்ப்பதற்கு முன்பே பதித்தாக வேண்டும் என்பதால், பொறியாளரிடம் திருத்திய வரைபடம் கேட்கும்போதே வெளிப்புற மின்புள்ளிகளையும் தண்ணீர்க் குழாய்களையும் தனித்தாளில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.